இந்தக் கோபம் யாருடையது?

கம்பம்
10.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் மாமியும் அல்லாஹ்வின் அருளால் நலம். நெய்வேலியில் நீங்களும் அண்ணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மழை தொடங்கிவிட்டதா?

கடிதத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறாதீர்கள். போனில் உங்களைப் பிடித்தால், "நல்லாருக்கேன், இந்தா அண்ணிகிட்ட பேசு" என்று பத்தே நொடியில் கைமாற்றி விடுகிறீர்கள். கடிதத்தை அப்படி யாரிடமும் நீட்டிவிட முடியாதல்லவா? அதனால்தான்.

பத்தாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். கணையம், இன்சுலின் எல்லாம் சொல்லி முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், சுகர் இருக்கவுகளுக்கு அது கொறஞ்சா எப்புடி இருக்கும்?" நடுக்கம், வியர்வை, மயக்கம் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "அது வெளியில தெரியிறது டீச்சர். உள்ளுக்குள்ள எப்புடி இருக்கும்?" என்றாள். மூன்று வருடமாக சுகரோடு இருக்கிற அண்ணன் எனக்கு இருக்கிறார். ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சொல்லுங்கள் அண்ணா. உள்ளுக்குள் எப்படி இருக்கும்?

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கே போடுங்கள். வீட்டுக்குப் போட்டால் தபால்காரர் கேட்டில் செருகிவிட்டுப் போய்விடுகிறார், நனைந்துவிடுகிறது. அண்ணிக்கு என் ஸலாம்.

உங்கள் தங்கை,
ஃபர்ஹீன்

*

நெய்வேலி
27.10.2024

அன்புத் தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஷிப்ட் மாறி மாறி வந்ததால் எழுத முடியவில்லை.

கை உதறும். வியர்க்கும். இரண்டு சாக்லேட் தின்றால் சரியாகிவிடும். உன் மாணவிக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இப்போது ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. அதற்கும் பழகிவிட்டது.

உன் அண்ணி ஆசிஃபா சொல்லியிருப்பாள். என்னைச் சுரங்க மெஷினிலிருந்து எடுத்து கன்ட்ரோல் ரூமில் போட்டுவிட்டார்கள். ஏசி ரூம், நாற்காலி. நல்ல வேலைதான்.

மாப்பிள்ளைக்கும் மாமிக்கும் ஸலாம் சொல். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
ஜாகிர்

*

கம்பம்
4.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். சின்னவனுக்கு மட்டும் சளி. நீங்கள் நலமென்று எழுதியதை நம்பலாமா என்று தெரியவில்லை.

'நல்ல வேலைதான்' என்று எழுதிய இடத்தில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

உதறல் எனக்கும் தெரியும் அண்ணா, புத்தகத்திலேயே இருக்கிறது. உதறலுக்கு முந்தைய நிமிடம் என்ன? அன்றைக்கு மெஷின் மேல் என்ன நடந்தது? "மயக்கம் வந்துச்சு" என்று மட்டும் அண்ணி சொன்னார். மயக்கம் வருவதற்கு முன் என்ன நினைத்தீர்கள்? பயந்தீர்களா? யார் ஞாபகம் வந்தது? அது முடிந்த பிறகு வரும் சோர்வு உடம்பிலா, மனசிலா? விட்டுப் போக எவ்வளவு நேரமாகும்?

அதிகப்பிரசங்கி என்று திட்டினாலும் சரி, எழுதித் திட்டுங்கள்.

துஆவுடன்,
ஃபர்ஹீன்

*

நெய்வேலி
24.11.2024

அன்புள்ள ஃபர்ஹீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சின்னவனின் சளி சரியாகிவிட்டதா? இங்கே ஆசிஃபாவுக்கு முட்டிவலி, மற்றபடி சுகம்.

உன் கேள்விகளைப் படித்து முதலில் எரிச்சல் வந்தது. கடிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்தேன். பிறகு டூட்டியில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எடுத்துப் படித்தேன். யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "இப்ப எவ்ளோ இருக்கு?"

ஜூலையில் ஒரு நாள், முதல் ஷிப்ட். பத்தரை மணி இருக்கும். சுரங்கத்தில் மண்ணை வெட்டியள்ளும் அந்தச் சக்கர மெஷினை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அதன் கேபினில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். அன்று சக்கரம் தண்ணீருக்குள் சுற்றுவது போல் மெதுவாகத் தெரிந்தது. சத்தம் தூரமாகப் போனது. பயமே இல்லை. எல்லோரும் வேண்டுமென்றே என்னைக் கேலி செய்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது. யார் கேலி செய்தார்கள்? அங்கே யாருமே இல்லை.

என்கூட வேலை பார்க்கும் வேணு, குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரன், மேலே ஏறி வந்தான். "இன்னாங்கண்ணே, கூப்ட்டுகினே இருக்கறேன், பேசாம உக்காந்துகினு இருக்கீங்க? வூட்ல சாப்ட்டுகினு வந்தீங்களா?" என்றான். அவனை நான் திட்டியதை எழுத முடியாது. அவன் அம்மாவையும் இழுத்துத் திட்டினேன். அவன் மெஷினை நிறுத்தினான். டீயில் சர்க்கரையைக் கொட்டி என் வாயில் ஊற்றினான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "அது நீங்க திட்டலண்ணே, வுடுங்க" என்றான்.

அதுதான் என்னைத் தின்கிறது. நான் திட்டவில்லை என்றால் யார் திட்டியது? அந்த வார்த்தைகள் என் வாயில்தானே இருந்தன?

போன வாரம் ஃபேனை அணைக்கவில்லை என்று பாப்பாவின் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிந்தேன். இப்போது ஹாலில் நான் இருந்தால் அவள் கால் ஓசை கேட்காமல் நடக்கிறாள். பதிமூன்று வயதுப் பெண், சொந்த வீட்டில்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அண்ணன் ஜாகிர்

*

கம்பம்
5.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணியின் முட்டிவலிக்கு யாரையாவது பார்த்தீர்களா? நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். படித்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன். வகுப்பில் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியை என்னால் விட முடியவில்லை. 'யார் திட்டியது?' நல்ல கேள்வி அண்ணா. கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்போமா?

கோபம் வரும்போது வாயைத் திறக்கும் முன் விரலில் குத்தி மீட்டரில் பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்குக் கோபம் என்று பக்கத்தில் ஒரு வரி. வேறொன்றும் வேண்டாம். எந்தக் கோபம் சர்க்கரையுடையது, எந்தக் கோபம் உங்களுடையது என்று தெரிந்துவிடும்.

முன்கூட்டியே பிடிக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வாயைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் வரும் இல்லையா, அதற்கும் முன்னால் ஓர் எரிச்சல் வருமே, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பிடிக்காமல் போகுமே, அந்த நிமிடத்தில் பாருங்கள். எறும்பு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை, அப்போது கை சொன்னபடி கேட்காது.

பாப்பாவுக்குப் புது ஜாமெட்ரி பாக்ஸ் அனுப்புகிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்ததாகவே சொல்லுங்கள்.

உங்கள் நலம் நாடும்,
ஃபர்ஹீன்

*

நெய்வேலி
12.1.2025

அன்புள்ள ஃபர்ஹீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. அத்தை அனுப்பியது என்றே சொன்னேன். பொய்க்கு அவள் மயங்குகிற ஆள் இல்லை. ஆசிஃபாவுக்கு வலி குறைந்திருக்கிறது.

நீ சொன்னதை ஐந்து வாரம் செய்தேன். பதினாலு கோபம் வந்தது. முதல் தடவை, பாதிச் சண்டையில் நான் எழுந்து போய் விரலில் குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஆசிஃபா பயந்தே போனாள். இப்போது அவளே மீட்டரை எடுத்து நீட்டுகிறாள். "மொதல்ல பாருங்க, அப்புறம் கத்துங்க."

பதினாலில் நாலு, சுகர் குறைந்தபோது. மூன்று, முந்நூறுக்கு மேல் ஏறியிருந்தபோது. அது வேறு மாதிரி, ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது போல. மிச்சம் ஏழில் எண் சரியாகவே இருந்தது.

அந்த ஏழும் என்னுடையவை, தங்கச்சி.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். கன்ட்ரோல் ரூம் திரையில் என் மெஷின் சிறு படமாகத் தெரியும். நன்றாக ஓடினால் பச்சை விளக்கு. புதிதாக வந்தவன் ஒருவன் அதை ஓட்டுகிறான். அன்று மூன்று மணி நேரம் பச்சை விளக்கு அணையவே இல்லை. நிற்காமல் ஓட்டினான். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. குத்திப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. இந்தக் கோபத்துக்கு ஊசி இல்லை.

நோட்டை எடுத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். எண்களை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த வரிகளையும் படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "மெஷின விட்டு வந்தது ரொம்ப கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று. சுகர் வந்தவர்களில் நிறையப் பேருக்கு இந்த மனச்சோர்வு உண்டு, இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். ஊசி அளவைக் கொஞ்சம் மாற்றினார். மாதம் ஒரு முறை, மனசுக்குப் பார்க்கும் இன்னொருவரிடம் போய்ப் பேசச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். போகிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

வாயைச் சுற்றி எறும்பு ஊரும் என்று எழுதினாய். உனக்கு நான் அப்படி எழுதியதில்லை. பழைய கடிதங்கள் உன்னிடம் இருக்கும், பார். எனக்கு எறும்பு ஊர்வதே கிடையாது. நாக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான். எறும்புக்கு முன்னால் வரும் எரிச்சல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எறும்பு யாருக்கு ஊர்கிறது, ஃபர்ஹீன்?

அண்ணன்

*

நெய்வேலி
9.2.2025

அன்புள்ள ஃபர்ஹீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நலமா என்று வழக்கமாக எழுதுவதுதான். இந்தத் தடவை கேள்வியாகவே கேட்கிறேன், நலமா?

போன வெள்ளிக்கிழமை போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். நீ துணி காயப்போடுகிறாய் என்றார். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. உன்னைத் தாண்டி யாரிடமும் பேச மாட்டேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

கோபமா என்மேல்? குத்திப் பார்த்தாயா?

நோன்பு வர மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு வரியாவது எழுது.

ஜாகிர்

*

கம்பம்
19.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் நலம். நான் நலமாக இல்லை.

அப்படி ஒரு மாணவியே கிடையாது அண்ணா. கடைசி பெஞ்சிலிருந்து யாரும் எழவில்லை. கேட்டது நான்தான்.

சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு சுகர் வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அது போகவில்லை, அல்லது போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. போன ஜூனில் தேனியில் பரிசோதித்துத் தெரிந்துகொண்டேன். அன்று பள்ளிக்கூட மீட்டிங் என்று வீட்டில் சொன்னேன். மாத்திரைகள் சயின்ஸ் லேப் பீரோவில், அமிலப் பாட்டில்களுக்குப் பின்னால் இருக்கின்றன. சனி ஞாயிறுக்கு மாத்திரையை பென்சில் டப்பாவில் வைத்துக் கொண்டுபோகிறேன். என்கூட வேலை பார்க்கும் சண்முகப்ரியா டீச்சருக்கு மட்டும் தெரியும். உங்கள் கடிதங்களும் அதே பீரோவில்தான். கேட்டில் நனைகிறது என்று எழுதியது பொய்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். உங்களுக்கு வந்தது தெரிந்த அன்று மாமி, "அது அவுக குடும்பத்து ரத்தத்துல இருக்கு போல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், வெங்காயம் உரித்துக்கொண்டே. பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. ரத்தம் கெட்ட வீட்டிலிருந்து வந்தவளின் வாரிசுகள் என்று என் பிள்ளைகளை ஒருவர் பார்ப்பார் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

யாரிடமாவது கேட்க வேண்டும் போல் இருந்தது. வகுப்பில் குரல் உயரும்போது அது நானா என்று தெரியவில்லை. தனியாகப் பயமாக இருந்தது. உங்களைக் கேட்டால் என்னைக் கேட்ட மாதிரி இருக்கும் என்று தோன்றியது. உங்களை வைத்துச் சோதனை செய்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

மாத்திரை வகை அப்படி, நோன்பு வைக்கவே கூடாது என்கிறார் டாக்டர். வீட்டில் என்ன காரணம் சொல்வேன்? வைக்கத்தான் போகிறேன். திட்டாதீர்கள்.

ஃபர்ஹீன்

*

நெய்வேலி
9.3.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எட்டு ஆகிறது. நீ எப்படி இருக்கிறாயோ என்ற நினைப்பிலேயே நாள் போகிறது.

திட்டப் போவதில்லை. என் கதையைக் கேள்.

என்னையும் நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நோயாளிக்கு விலக்கு உண்டென்று மார்க்கமே சொல்கிறது, ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்துவிடு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னார். எல்லாம் தெரிந்தும் முதல் இரண்டு நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து உட்கார்ந்தேன். டூட்டிக்குப் போய் கன்ட்ரோல் ரூமின் பேனலுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு இட்லி தின்றேன். வேணு பார்த்துவிட்டான். "யாருக்குண்ணே பயந்துகினு இங்க குந்திகினு இருக்கீங்க?" என்றான்.

யோசித்தேன். வேணுவுக்கு நோன்பு இல்லை. அல்லாஹ்வுக்கு பேனல் மறைப்பு இல்லை. அப்படியானால் யாருக்கு?

மூன்றாம் நாள் எனக்கு லீவு. மதியம் ஹாலில் எல்லோரும் இருக்கும்போது தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். பாப்பா வந்து நின்றாள். "அத்தா, நோன்பு இல்லியா?" என்றாள். "இல்லம்மா. வெச்சா மயங்கிடுவேன், வைக்கக்கூடாதுன்னுட்டாங்க" என்றேன். "அன்னிக்கு பாக்ஸை எறிஞ்சீங்களே, அதுவும் சுகரா?" என்று கேட்டாள். நோட்டு தொடங்குவதற்கு முந்தைய கோபம் அது. "தெரியலடா. பாதி அதுவா இருக்கலாம். பாதி நான்" என்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாள். நோன்போடு.

நீயும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. உன் வீடு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று. மாமி சொன்னது தப்பில்லை. ரத்தத்தில்தான் இருக்கிறது, நம் இருவர் ரத்தத்திலும். அதில் எனக்கு இப்போது ஒரு தெம்பும் இருக்கிறது. தனியாக இருந்தவனுக்கு ஆள் கிடைத்த மாதிரி.

சோதனைக்கு மன்னிப்பு வேண்டாம். இன்னும் கேள்.

துஆவுடன்,
அண்ணன்

*

கம்பம்
24.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் ஸலாம். உடம்பு இப்போது பரவாயில்லை, உண்மையாகவே.

பத்து நோன்பு பிடித்தேன். பதினொன்றாம் நாள் லேபில் எறும்பு வந்தது. கையில் கிடைத்த குளுக்கோஸ் பாட்டிலைத் திறந்துவிட்டேன், சோதனைக்கு வைத்திருக்கும் பொடி. சண்முகப்ரியா டீச்சர் அதைத் தட்டிவிட்டு ஒரு ஜூஸைக் குடிக்க வைத்தார். அவர் அழுதார், நான் அழவில்லை. உங்கள் கடிதம் அன்றுதான் வந்திருந்தது. தெளிந்த பிறகு லேப் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். மாத்திரை, கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொன்னேன். சுகர் இருக்கிறது, ஒன்பது மாதமாக இருக்கிறது, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன் என்று. அவர் நோயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "ஒரு பீரோச் சாவிய நம்புன அளவுக்குக்கூட என்னைய நம்பலையா?" என்றார். எழுந்து ஏலக்காய் மண்டிக்குப் போய்விட்டார். நோன்பு திறக்கவும் வீட்டுக்கு வரவில்லை.

மாமி நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். "ஒங்க அண்ணனுக்கு இருக்குல்ல, அதான்" என்றார். நான் எதிர்பார்த்த அதே வார்த்தை. "ஆமா மாமி, எங்க ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றேன். அவர் மறுபடி கஞ்சியைக் கிண்டினார். அவ்வளவுதான். ஒன்பது மாதம் இதற்கா பயந்தேன் என்றிருந்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை, "தேனில எந்த டாக்டரு?" என்று மட்டும் கேட்டு பைக்கை எடுத்தார்.

உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டரிடம் அவர் கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். குறையும்போது என்ன செய்வாள்? கோபப்படுவாளா? கோபப்பட்டால் நான் பேசலாமா, பேசக்கூடாதா? தூக்கத்தில் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கொஞ்சம் உட்காரச் சொன்னார். மாத்திரையை மாற்றி எழுதினார். இந்த ரமலானில் மிச்ச நோன்பு வேண்டாம் என்றும் அவரிடமே சொன்னார்.

வெளியே வந்ததும் மணியைப் பார்த்தார். "மாத்தரை போட்டிருக்கியே, சாப்பிடணும்ல?" பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடை. உள்ளே இடமில்லை. ரோட்டோரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் புர்காவோடு, பட்டப்பகலில், ரமலானில், எதிரே இட்லித் தட்டு. கம்பம் பஸ்கள் எங்களைத் தாண்டித்தான் போகும். கை தட்டுக்குப் போக மறுத்தது. அவர் நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் என் எதிரில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கோவம் போகல எனக்கு" என்றார். "நீ சாப்பிடு."

இரண்டாவது இட்லியில் இருந்தபோது எங்கள் தெரு ஆள் ஒருவர் எதிரில் வந்து நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "என்ன அசீம், இங்கிட்டு?" என்றார்.

"வீட்டம்மா சாப்பிடுறா பாய். ஒடம்புக்கு நோன்பு ஆகாது" என்றார் இவர், எழுந்திருக்காமல். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இங்க இன்னும் ரெண்டு வைங்க" என்றார்.

நான்கையும் சாப்பிட்டேன் அண்ணா.

அனைவருக்கும் பெருநாள் வாழ்த்துகளோடு,
உங்கள் தங்கை ஃபர்ஹீன்